தகுதி: இரண்டு கை

பிளஸ் டூ முடிவு வந்துவிட்டால் சிவகாசியிலிருந்து நாரணாபுரம் போகிற சாலையில் இரண்டு வகை விளம்பரம் முளைக்கும். ஒன்று கல்லூரிகளின் ஃப்ளெக்ஸ். கோட்டுப் போட்ட பையன், லேப்டாப்பை மார்போடு அணைத்த பெண், பின்னால் மும்பையா துபாயா என்று தெரியாத ஒரு கண்ணாடிக் கட்டடம். கீழே பாடப்பிரிவுகள். அதற்கும் கீழே பொடி எழுத்தில் சேர்க்கைத் தகுதி: பிளஸ் டூவில் கணிதம் கட்டாயம், வேதியியல் படித்திருக்க வேண்டும், டிப்ளமோ முடித்தவர்களுக்கு நேரடி இரண்டாமாண்டு. இன்னொன்று மின்கம்பத்தில் பசை தடவி ஒட்டிய தாள். பட்டாசு ஆலைக்கு ஆட்கள் தேவை, ஆண் பெண் இருபாலரும், வேன் வசதி உண்டு, அட்வான்ஸ் உண்டு, கடைசியில் ஒரு செல் நம்பர். தகுதி என்று ஒரு வரி கிடையாது. எழுதாவிட்டாலும் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கை இருந்தால் போதும். சேரும்போது.

ஃப்ளெக்ஸில் உள்ள ஒரு படிப்பை எடுத்துக்கொள்வோம். பி.எஸ்சி. வேதியியல். அதில் சேர வேண்டுமென்றால் ஒரு பிள்ளை பதினைந்து வயதிலேயே, பத்தாம் வகுப்பு மதிப்பெண் பட்டியல் கைக்கு வந்த வாரத்திலேயே, குரூப் பார்த்துச் சேர்ந்திருக்க வேண்டும். வீட்டில் விவரம் தெரிந்த ஆள் இல்லாமல் காமர்ஸ் குரூப்பில் போட்டுவிட்டார்கள் என்றால் கதை முடிந்தது. பதினெட்டு வயதில் வேதியியல் மேல் ஆசை வந்து என்ன செய்ய? கணக்கு இல்லாத குரூப் என்றால் இயற்பியலும் போச்சு, பல இடங்களில் கம்ப்யூட்டர் சயன்ஸும் போச்சு. சரி, குரூப் சரியாக அமைந்து உள்ளே வந்துவிட்டாள் என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆய்வகத்துக்குள் நுழைய வெள்ளைக் கோட்டு வேண்டும். அப்சர்வேஷன் நோட்டு வேண்டும். ரெக்கார்டு நோட்டில் கையெழுத்து விழாவிட்டால் செய்முறைத் தேர்வுக்கு உட்கார முடியாது. சோதனைக் குழாயின் அடியில் ஒட்டிக் கிடக்கிற ஒரு சிட்டிகை உப்பைச் சூடாக்கத்தான் இத்தனை ஏற்பாடும். பக்கத்தில் ஒரு ஆசிரியர், ஒரு ஆய்வக உதவியாளர், சுவரில் தீயணைக்கும் சிவப்பு உருளை.

இதை நான் கேலி செய்யவில்லை. வேதிப்பொருளைத் தொடப் போகிறவருக்கு இத்தனையும் வேண்டும்தான். ஆனால் அந்த ஆய்வகத்திலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி, பட்டாசு ஆலைகளில், கந்தகமும் அலுமினியப் பவுடரும் நைட்ரேட்டும் கிலோக் கணக்கில் சல்லடையில் கையால் சலிக்கப்படுகின்றன. அங்கே எந்த குரூப்? எந்த நோட்டு? யார் கையெழுத்து?

அந்தக் கலவைக்கு ஊர் வழக்கில் மருந்து என்று பெயர். அங்கே நடக்கிற கவுன்சிலிங் இந்த அழகில் இருக்கும்:

"தம்பி, மருந்துக்கு நிக்கிற ஆளு இன்னிக்கு வரல. நீ நிக்கிறியாப்பா?"

"பழக்கமில்லண்ணே. நான் பெட்டி தூக்குற ஆளு."

"பக்கத்துல நின்னு பாத்திருக்கேல்ல? அதான். கூலி கூடப் போட்டுத் தாரேன்."

முடிந்தது. நுழைவுத் தேர்வு, கலந்தாய்வு, மூன்றாண்டுப் பாடம், பட்டமளிப்பு விழா எல்லாம் இந்த மூன்று வரிக்குள் அடங்கிவிட்டன. காலை ஏழு மணிக்குப் பெட்டி தூக்கியவர் ஏழேகாலுக்கு வேதியியல் துறைத் தலைவர்.

சட்டம் சும்மா இருக்கிறதா என்றால், இல்லை, பேசத்தான் செய்கிறது. 1884-ஆம் ஆண்டு வெடிபொருள் சட்டம் இருக்கிறது. அதன் கீழ் 2008-இல் வந்த விதிகள் இருக்கின்றன. வெடிபொருள் வேலையில் 18 வயது நிரம்பாதவரை வைக்கக் கூடாது. குடித்திருப்பவரை வைக்கக் கூடாது. சித்தம் தெளிவில்லாதவரை வைக்கக் கூடாது. ஆக, சேர்க்கைத் தகுதி என்று தாளில் இருப்பது இந்த மூன்று. முதல் இரண்டையும் ஆதார் அட்டையையும் வாயையும் வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மூன்றாவதில்தான் எனக்குக் குழப்பம். சித்திரை வெயிலில், முந்தின வாரம் பக்கத்து ஊரில் ஒரு அறை வெடித்த சேதியை டீக்கடையில் கேட்டுவிட்டு, நேராக வந்து அதே மாதிரி அறைக்குள் நுழைகிறவர் சித்தம் தெளிந்து நுழைகிறாரா? தெளிந்துதான் நுழைகிறார். வாரவட்டிக்காரர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார் என்ற தெளிவு.

விதிகள் இன்னும் உண்டு. ஓர் அறையில் இத்தனை பேருக்கு மேல் கூடாது, இத்தனை கிலோவுக்கு மேல் கூடாது, கதவு வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும், கலந்த மருந்தை மறுநாளுக்கு மிச்சம் வைக்கக் கூடாது, மேற்பார்வைக்குப் பயிற்சி பெற்ற போர்மேன் வேண்டும். தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம் பயிற்சியும் நடத்துகிறது. பயிற்சிக்குப் போன நாளின் கூலியை யார் தருவது என்ற ஒரே ஒரு கேள்விக்குப் பதில் கிடைத்துவிட்டால் கூட்டம் தானாக வந்துவிடும்.

மனிதரை விடக் கட்டடத்துக்குத்தான் இங்கே தகுதி அதிகம் கேட்கிறார்கள். ஊர் வழக்கில் உரிமம் மூன்று வகுப்பு: டி.ஆர்.ஓ. (மாவட்ட வருவாய் அலுவலர்) லைசென்ஸ், சென்னை லைசென்ஸ், நாக்பூர் லைசென்ஸ். சின்ன ஆலை என்றால் மாவட்ட நிர்வாகம், அதற்கு மேல் சென்னையில் உள்ள வெடிபொருள் அதிகாரி, பெரிய ஆலை என்றால் நாக்பூரில் இருக்கிற பெசோ (பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பு) தலைமையகம். ஒவ்வொன்றுக்கும் வரைபடம், அறைக்கும் அறைக்கும் நடுவே இடைவெளி, தடையில்லாச் சான்று என்று கோப்பு தடிக்கும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் கூடாது, சரவெடி கூடாது, பசுமைப் பட்டாசுதான் என்று சொன்ன பிறகு புதுச் சூத்திரம் தேவைப்பட்டது. அதைக் கொடுத்த நீரி என்ற தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனமும் நாக்பூரில்தான் இருக்கிறது. முனைவர் பட்டம் வாங்கிய விஞ்ஞானிகள் உட்கார்ந்து சூத்திரம் எழுதினார்கள். அதைப் பெற ஆலைக்காரர் ஒப்பந்தம் போட்டுச் சான்று வாங்க வேண்டும். நல்லது. உரிமமும் நாக்பூர், சூத்திரமும் நாக்பூர். கை மட்டும் நாரணாபுரம். பழைய மருந்து எப்படி நடந்துகொள்ளும் என்று பாட்டன் காலத்திலிருந்து பார்த்துப் பழகிய அந்தக் கையில் புது மருந்தைக் கொடுத்தபோது, இது வேறு மாதிரி நடந்துகொள்ளும் என்று நின்று சொல்லிக்கொடுத்த வகுப்பு எத்தனை அறைகளில் நடந்தது?

கோப்பு தடித்து உரிமம் வந்ததும் அடுத்த அத்தியாயம். அதன் பெயர் உள்குத்தகை. உரிமம் ஒருவர் பெயரில் இருக்கும். ஆலையை நடத்துகிறவர் இன்னொருவர். அதற்குள் நாலு அறையை வாங்கி நடத்துகிறவர் மூன்றாமவர். தகுதித் தேர்வு எழுதியது ஒருவர், வேலை பார்ப்பது வேறொருவர். 2019-இல் நீட் தேர்வைத் தனக்காக இன்னொருவரை எழுதவைத்து ஒரு மாணவர் தேனி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது தெரிந்ததும் நாடே துள்ளியது. சி.பி.சி.ஐ.டி. வந்தது, கைது வந்தது, தொலைக்காட்சியில் மூன்று நாள் விவாதம் வந்தது. வர வேண்டியதுதான். தகுதியில்லாதவர் ஊசி போட்டால் உயிர் போகும் அல்லவா? இங்கே அதே ஆள்மாறாட்டத்துக்கு ஆண்டுக் குத்தகை, மாதக் குத்தகை என்று தவணை முறையே இருக்கிறது. மாட்டினால் உரிமம் கொஞ்ச நாள் நிறுத்திவைக்கப்படும். நிறுத்திவைத்த உரிமத்தின் வீரியம் எவ்வளவு என்பதை முதலிப்பட்டிப் பட்டாசு ஆலை வெடிப்பு காட்டியது. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினம். சுமார் 40 பேர் செத்தார்கள். அதில் பலர் அந்த ஆலையில் வேலை பார்த்தவர்கள்கூட இல்லை. காப்பாற்ற ஓடியவர்கள், என்னவென்று பார்க்க வந்தவர்கள். விதிமீறலுக்காக உரிமம் நிறுத்தப்பட்ட பிறகும் ஆலை ஓடியதாக அன்றே செய்தி வந்தது.

ஒவ்வொரு விபத்துக்கும் மறுநாள் பத்திரிகையைப் பிரித்தால் காரணம் தயாராக இருக்கும். உராய்வு. மருந்து கலக்கும்போது உராய்வு, மருந்து செலுத்தும்போது உராய்வு, வண்டியிலிருந்து இறக்கும்போது உராய்வு. உராய்வு என்பது பிளஸ் ஒன் இயற்பியலில் வருகிற பாடம். பொறியியல் கட்-ஆஃப் 200-இல் கணிதத்துக்கு நூறு, வேதியியலுக்கு ஐம்பது, மிச்ச ஐம்பது இந்த உராய்வெல்லாம் வருகிற இயற்பியலுக்கு. சாய்தளத்தில் கட்டை வழுக்குமா வழுக்காதா என்று கணக்குப் போட்டுச் சரியாக விடை எழுதினால் அண்ணா பல்கலைக்கழகம். கணக்கே போடாமல், வழுக்கினால் என்ன ஆகும் என்று உள்ளங்கையால் தெரிந்துவைத்திருப்பவருக்கு மருந்து அறை. உராய்வைப் போலச் சௌகரியமான குற்றவாளி வேறு கிடையாது. அதற்கு முன்ஜாமீன் வேண்டாம். அதற்கு வங்கிக் கணக்கு இல்லை. எந்தக் கட்சிக்கும் அது நன்கொடை தருவதில்லை. "பேராசை காரணமாக வெடித்தது" என்று எழுதிய ஒரு முதல் தகவல் அறிக்கையை இன்றுவரை நான் படித்ததில்லை. "நான்கு பேர் அறையில் ஒன்பது பேர் இருந்ததால் ஒன்பது பேரும் செத்தார்கள்" என்ற எளிய கணக்கைக்கூட ஏழாம் பத்தியில்தான் போடுவார்கள்.

உராய்வுக்கு அடுத்தபடியாக அறிக்கைகளில் வருகிற இன்னொரு வாசகம்: தொழிலாளர்களுக்குப் போதிய பயிற்சி இல்லை. படிக்கும்போது நியாயமாகத்தான் தோன்றும். இன்னொரு முறை படித்தால் கொதிக்கும். பயிற்சி தராதவர் எழுவாயாக இல்லவே இல்லை. பயிற்சி இல்லாதவர்தான் நடுவில் நிற்கிறார். செத்தவர் ஃபெயில். அவருக்கு மறுதேர்வும் கிடையாது. பாடம் நடத்தாத வாத்தியார் அடுத்த பேட்சை எடுக்கக் கிளம்பிவிடுகிறார். முதலாளி தலைமறைவு, போர்மேன் கைது என்று செய்தி முடியும். போர்மேன் சம்பளத்தில் கைதாவதற்கான படியும் சேர்ந்திருக்கிறதோ என்று சில சமயம் தோன்றும்.

இப்படி அறிக்கை எழுதவைத்த விபத்துகளில் சில: 2021 பிப்ரவரியில் அச்சங்குளம், செத்தவர்கள் 20 பேருக்கு மேல். 2023 அக்டோபரில் ரெங்கபாளையம். 2024 பிப்ரவரியில் ராமுதேவன்பட்டி. அதே ஆண்டு மே மாதம் செங்கமலப்பட்டி. 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. நடுவில் ஒன்றிரண்டு பேராகப் போனவற்றை விட்டுவிட்டேன். மாவட்டச் செய்திப் பக்கத்தின் ஓரத்தோடு நின்றுவிட்டவை அவை.

இந்த விபத்துகளில் ஒன்றை எடுத்துக்கொண்டு அதைச் சுற்றி நிற்கிறவர்களைப் பாருங்கள். எரிந்து வருகிறவரைத் தூக்கிப் படுக்கவைக்கிற மருத்துவர் நீட் எழுதியவர். 2022 ஜனவரியில் விருதுநகரில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரியில் ஓர் இடத்துக்காக எத்தனை பிள்ளைகள் கோச்சிங் சென்டரில் ஓராண்டு, ஈராண்டு கிடக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்கிற கிராம நிர்வாக அலுவலர் குரூப் 4 தேறியவர். 2022-இல் அந்தத் தேர்வுக்கு விண்ணப்பித்தவர்கள் ஏறக்குறைய 22 லட்சம் பேர், அதில் பொறியாளர்கள் உண்டு, எம்.ஃபில்.கள் உண்டு. மாலையில் வந்து பார்வையிடுகிற ஆட்சியர் இந்தியாவிலேயே கடினமானது என்று சொல்லப்படுகிற தேர்வை மூன்று கட்டம் தாண்டியவர். தீயணைப்பு வீரருக்கு எழுத்துத் தேர்வும் உண்டு, உடல்தகுதித் தேர்வும் உண்டு, மார்பளவுகூட எடுப்பார்கள். மைக் நீட்டுகிற தம்பி விஸ்காம் படித்தவர். வழக்கை நடத்துகிறவர் பார் கவுன்சில் தேர்வு எழுதியவர். அத்தனை பேரும் ஏதோ ஒரு ஹாலில், ஏதோ ஒரு நம்பர் எழுதிய பெஞ்சில் உட்கார்ந்து தேறி வந்தவர்கள். வட்டத்தின் நடுவில், தார்ப்பாய்க்கு அடியில் கிடக்கிற ஒருவரை மட்டும் இந்த நாட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எரிந்தவரைத் தொட இத்தனை தகுதி. எரிவதற்கு ஒன்றும் வேண்டாம்.

தகுதி என்பது கல்லில் வெட்டியது, அதை யாரும் தொட முடியாது என்று நம்பிக்கொண்டிருக்கிற பெற்றோருக்கு ஒரு சேதி. 2021 மார்ச்சில் அகில இந்தியத் தொழில்நுட்பக் கல்விக் குழு ஒரு கையேடு வெளியிட்டது. பொறியியலில் சேர பிளஸ் டூவில் கணிதமும் இயற்பியலும் இனிக் கட்டாயமில்லை, 14 பாடங்களில் ஏதாவது மூன்று போதும் என்றது. அந்தப் பதினாலில் வேளாண்மை உண்டு, தொழில்முனைவு உண்டு. பேராசிரியர்கள் கொதித்தார்கள். அடுத்த நாளே, இது கட்டாயமெல்லாம் இல்லை, விரும்புகிற பல்கலைக்கழகம் கணிதத்தைக் கேட்டுக்கொள்ளலாம் என்கிற தொனியில் விளக்கம் வந்தது. சொன்ன காரணம் புதிய கல்விக் கொள்கையின் நெகிழ்வு. கலந்தாய்வு முடிந்தும் காலியாகக் கிடந்த இருக்கைகளைக் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. பல்கலைக்கழகத் துறைகளில் உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று 2018-இல் யு.ஜி.சி. சொன்னது, 2021 ஜூலை முதல் என்று நாளும் குறித்தது. பிறகு 2023-க்குத் தள்ளியது. 2023 ஜூலை வந்ததும் கட்டாயமே இல்லை என்று விட்டுவிட்டது. அதற்குள் எத்தனை பேர் நகையை அடகு வைத்து ஆய்வேட்டை பைண்டிங் செய்தார்களோ.

ஆள் கூட்டம் அலைமோதுகிற வாசலில் தகுதி இரும்பாக நிற்கும். ஆள் வராத வாசலில் அதே தகுதி வெண்ணெய். எங்கள் பக்கத்துப் பட்டாசுத் தொழிலும் இதைத்தான் செய்கிறது. வித்தியாசம், இது கையேடு அச்சடித்துச் சொல்வதில்லை. ஆவணியில் வடக்கத்தி வியாபாரிகளின் ஆர்டர் குவியும்போது நான்கு பேர் அறை எட்டுப் பேர் அறையாகும். நாளொன்றுக்கு இத்தனை கிலோ என்கிற அளவு கண்ணுக்குத் தெரியாமல் போகும். அறை பற்றாமல் மரத்தடியே அறையாகும். வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டிய கதவுக்கு முன்னால் பெட்டி அடுக்கப்படும். உயர்கல்வியில் இப்போது பல வாசல் நுழைவு, பல வாசல் வெளியேற்றம் என்று ஒரு திட்டம் சொல்கிறார்கள். ஓராண்டில் விட்டால் சான்றிதழ், இரண்டாண்டில் விட்டால் டிப்ளமோ. பட்டாசு அறையிலாவது அந்தப் பல வாசல் வெளியேற்றத்தை முதலில் நிறைவேற்றிக் காட்டியிருக்கலாம்.

இந்த ஊருக்குப் படிப்பின் அருமை தெரியாது என்று மட்டும் யாரும் சொல்லிவிட முடியாது. இந்தத் தொழிலே ஒரு படிப்பில்தான் ஆரம்பித்தது. 1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு வந்தார்கள்; பட்டாசு அதிலிருந்து கிளைத்தது. தெரியாத மருந்தைத் தொடும் முன் தெரிந்தவரிடம் நின்று கற்க வேண்டும் என்ற புத்தி முதல் முதலாளிகளுக்கு இருந்தது. சம்பாதித்த பணத்தில் கல்லூரியும் கட்டினார்கள். அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி 1963. பெயரிலேயே பட்டாசு ஆலையைத் தாங்கிய ஸ்டாண்டர்டு ஃபயர்ஒர்க்ஸ் ராஜரத்தினம் மகளிர் கல்லூரி 1968. இந்தக் கல்லூரிகள் இல்லாமல் இந்தச் சுற்றுவட்டாரத்துப் பெண்கள் பட்டம் வாங்கியிருக்க மாட்டார்கள். அதை மறைத்துவிட்டு எழுதுகிற கை எனக்கில்லை.

ஆலைகளில் வேலை பார்த்த குழந்தைகள் கதை தெரிந்ததுதான். 1991 ஜூலையில் மீனம்பட்டிப் பட்டாசு ஆலை விபத்தில் 39 பேர் செத்த பிறகு உச்ச நீதிமன்றம் தானே முன்வந்து விசாரித்தது. எம்.சி.மேத்தா வழக்கில் 1996 டிசம்பர் 10 தீர்ப்பு: ஆபத்தான தொழிலில் குழந்தையை வைத்தால் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் முதலாளி கட்ட வேண்டும். பிள்ளைகள் ஆலையை விட்டுப் பள்ளிக்கு வந்தார்கள். வந்தவர்கள் சும்மா வரவில்லை. பிளஸ் டூ தேர்ச்சியில் 2017-இல் மாநிலத்திலேயே விருதுநகர் மாவட்டம் முதலிடம். 2018-இல் முதலிடம். 2023-இல் மறுபடி முதலிடம். முடிவு வருகிற அந்தக் காலையில் ஆட்சியர் அலுவலகத்தில் ஸ்வீட் கொடுப்பார்கள்.

அந்தப் பிள்ளைகளை யார் படிக்கவைத்தது? கல்லூரி விளம்பரத்தில் எந்த மூலையிலும் அச்சிடாத தகுதி ஒன்று உண்டு. அம்மா ஆலையில் இருக்க வேண்டும். திரி வைத்த கூலி செமஸ்டர் ஃபீஸ். பெட்டி ஒட்டிய காசு பஸ் பாஸ். தீபாவளி போனஸ் வந்தால் ஹாஸ்டல் பாக்கி அடையும். ஃபர்ஸ்ட் கிராஜுவேட் சலுகைக்கு விண்ணப்பிக்கிற பெண்ணிடம் அப்பா தொழில் என்ன, அம்மா தொழில் என்ன என்று கேட்டு, கூலி என்று எழுதிக்கொண்டு அடுத்த கட்டத்துக்குப் போய்விடுவார்கள். எதில் கூலி என்று அந்தப் படிவத்தில் கேள்வி கிடையாது. மகள் ஆய்வகத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு ஒரு சிட்டிகைக்குப் பயப்படக் கற்றுக்கொள்வதற்காக, தாய் பயப்படாமல் கிலோக் கணக்கில் அள்ளுகிறாள். செமஸ்டர் லீவில் மகளும் வேனில் ஏறுகிறாள். அச்சங்குளத்தில் செத்தவர்களில் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த பெண்ணும் உண்டு. அந்தப் பெண்ணுக்கு எல்லாத் தகுதியும் இருந்தது.

அப்புறம் 2024 நவம்பர். விருதுநகருக்கு வந்த முதலமைச்சர் ஓர் அறிவிப்பு செய்தார். பட்டாசு ஆலை விபத்தில் இறக்கிற தொழிலாளர்களின் குழந்தைகளுடைய கல்விச் செலவை, உயர்கல்வி வரைக்கும், அரசே ஏற்கும். அதற்கு ஒரு நிதியம், முதல் கட்டமாக 5 கோடி ரூபாய். கைதட்டல் எழுந்தது. நல்ல காரியம்தான், மறுக்கவில்லை. தாயை இழந்த பிள்ளைக்கு ஃபீஸ் கட்டுவதைக் குறை சொல்ல எனக்கென்ன பைத்தியமா? ஆனால் அந்தத் தகுதி வரியை மெதுவாக ஒருமுறை படித்துப் பாருங்கள். தாயோ தந்தையோ உயிரோடு இருந்து அறுபது வயது வரை அறைக்குள் குனிந்து, இருமி, தோலெல்லாம் வெள்ளி பூத்துக் கிடந்தால் பிள்ளைக்கு இந்த உதவி கிடையாது. எரிந்தால் உண்டு. முழு உதவித்தொகைக்கு உலகத்தில் எத்தனையோ நிபந்தனை உண்டு. மதிப்பெண் கேட்பார்கள், சாதிச் சான்று கேட்பார்கள், வருமானச் சான்று கேட்பார்கள். எங்கள் மாவட்டத்தில் இறப்புச் சான்று கேட்கிறார்கள். இதே 5 கோடியை, எரிவதற்கு முன்னால், மருந்து அறைக்குள் போகிற ஒவ்வொருவருக்கும் ஒரு மாதப் பயிற்சியும் அந்த மாதக் கூலியும் என்று செலவழித்திருந்தால் கைதட்டல் எழுந்திருக்காது. எதுவும் வெடிக்காத நாளுக்குச் செய்தி மதிப்பு இல்லையே.

சரி, எல்லோரும் தேர்வு, தகுதி என்றே பேசுவதால் நானும் அந்த வழிக்கே வருகிறேன். ஒரு பொது நுழைவுத் தேர்வு நடத்திவிடலாம். தொழிலாளிக்கு அல்ல, அவர் தினமும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறார். உரிமதாரர் எழுதட்டும். உள்குத்தகைக்காரர் எழுதட்டும். "இந்த வாரத்துக்குள் லோடு வராவிட்டால் வேறு ஆலைக்குப் போய்விடுவேன்" என்று போனில் நெருக்குகிற மொத்த வியாபாரி எழுதட்டும். ஆய்வுக்கு வந்து அலுவலக அறையிலேயே காபி குடித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிற அதிகாரி, விபத்துக்கு மறுநாள் மாலையோடு வருகிற சட்டமன்ற உறுப்பினர், தீபாவளிக்கு இரண்டு மணி நேரம்தான் வெடிக்கலாமா என்று பண்பாட்டுக்காகக் கண்ணீர் விடுகிற தொலைக்காட்சிப் பேச்சாளர், எல்லோருக்கும் ஹால் டிக்கெட் உண்டு. எழுத்துத் தேர்வு கிடையாது, செய்முறை மட்டும். மையம் நாரணாபுரம் பக்கத்தில் ஒரு மருந்து அறை, மாதம் சித்திரை, நேரம் காலை ஆறரை முதல், முதல் நாள் மிச்சம் கிடக்கிற மருந்தோடு. பாடத்திட்டம் முன்கூட்டித் தரப்பட மாட்டாது. பக்கத்தில் நிற்கிறவரைப் பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். காப்பி அடிப்பதற்குத் தடையில்லை. நான்கு பேர் அறையில் ஒன்பது பேர் உட்கார வேண்டியிருக்கும், இட நெருக்கடிக்கு நிர்வாகம் பொறுப்பல்ல. பருத்தி உடை, ரப்பர் விரிப்பு ஆகியவற்றைத் தேர்வர்களே கொண்டுவர வேண்டும். பின் கதவுக்கு முன்னால் உள்ள பெட்டிகளை நகர்த்துபவர்கள் தகுதிநீக்கம் செய்யப்படுவார்கள். கண்காணிப்பாளர்கள் பாதுகாப்பான தூரத்தில் இருப்பார்கள். தேர்வின் நடுவே ஏதேனும் நேர்ந்தால் காரணம் உராய்வு என்று இப்போதே அச்சிட்டு வைத்தாகிவிட்டது, தேதி மட்டும் நிரப்ப வேண்டும். மறுமதிப்பீடு கிடையாது. தேர்வர்கள் தங்கள் வாரிசுதாரரின் பெயரையும் வங்கிக் கணக்கு எண்ணையும் ஹால் டிக்கெட்டின் பின்பக்கத்தில் தெளிவாக எழுதிக் கையொப்பமிட வேண்டும். அடித்தல் திருத்தல் இருந்தால் விண்ணப்பம் நிராகரிக்கப்படும்.